தண்ணீருக்கு அடியில் இருக்கும் தரையை யார் பார்ப்பது?



இந்த மாதப் பாடம் தூர்வாருதல் பற்றியது. "தூர்வாருறதப் பத்தி எங்களுக்கே பாடமா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. மண்வெட்டியும் சட்டியுமாகக் குளத்தில் இறங்கி வெயிலில் மண் சுமந்தவர்கள் நீங்கள். அந்த வேலையில் நான்தான் உங்களிடம் படிக்க வேண்டும். ஆனால் இந்தப் பாடம் வற்றிக் கிடக்கிற குளத்தைப் பற்றியது மட்டும் அல்ல. மேலே தண்ணீர் நிற்கும், படகும் போய்க்கொண்டிருக்கும். அடியில் மண் சேர்ந்திருப்பது மேலே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அந்த மண்ணை நேரத்தில் அள்ளாமல் விட்டால் உயிர் போகும். போயும் இருக்கிறது.

இதை எழுதக் காரணம் சுந்தரபாண்டியபுரம் குழுவில் ஒரு அக்கா கேட்ட கேள்வி. சில வருடங்களுக்கு முன்பு நம் குழுக்களில் இருந்து ஒரு வேன் நிறையப் பெண்களைக் கேரளாவுக்குக் களப்பயணம் கூட்டிப் போனோம். அங்கே குடும்பஸ்ரீ குழுக்கள் எப்படிக் கணக்கு வைக்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனது. அதை முடித்துவிட்டுக் காயலில் படகில் ஏறினோம். எல்லாருக்கும் சந்தோஷம். பாதி வழியில் படகு "கரகர" என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். படகுக்காரர் ஒரு நீளக் கழியை எடுத்து ஊன்றினார். கழி அவர் இடுப்பு உயரம் வரைதான் நனைந்தது! அவ்வளவுதான் ஆழம். எல்லாரும் என்ன ஆச்சோ என்று எழுந்து ஒரே பக்கமாக எட்டிப் பார்த்தோம். படகு சாய்ந்தது. அவர் போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். மலையாளத்தில் என்ன திட்டினார் என்று தெரியாது, நல்லவேளை திட்டினார்.

அரை மணி நேரம் தள்ளி, நெம்பி, படகு நகர்ந்தது. கரை இறங்கியதும் அந்த அக்கா கேட்டார், "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, எப்படி மேடம் தர தட்டுச்சு?" எனக்குப் பதில் தெரியவில்லை. எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் இதெல்லாம் சொல்லித் தரவில்லை. திரும்பி வந்த பிறகு அங்கங்கே கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொண்டது, எங்கள் படகு தரை தட்டியது அதிசயமே இல்லை என்பது. 2002 ஜூலை 27 அன்று விடியற்காலை, அதே வேம்பநாட்டுக் காயலில், முகம்மா என்ற ஊரில் இருந்து குமரகம் போன பயணிகள் படகு மணல் திட்டில் தட்டிக் கவிழ்ந்தது. 29 பேர் இறந்துபோனார்கள். அன்று அந்தப் படகில் ஏறியவர்களில் நிறையப் பேர் அரசு வேலைக்கான தேர்வு எழுதப் புறப்பட்டவர்கள். பெண்கள் பலர், கைக்குழந்தையும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் டி.என்.பி.எஸ்.சி. எழுதக் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடுகிறார்கள் இல்லையா, அது மாதிரி. படகு பழையது, அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தது. இவையெல்லாம் விசாரணையில் வந்தன. ஆனால் சுற்றுலாவுக்குப் போன படகு இல்லை அது. தினமும் ஜனங்கள் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற வழி. அந்த வழியில் மணல் மேடு இருந்தது என்பதுதான் என் மனசில் நின்றது.

மணல் எப்படிச் சேருகிறது? ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டுச் சுற்றிக் கலக்குங்கள். சுற்றிக்கொண்டே இருக்கும் வரை மண்ணும் சுற்றும். கையை எடுத்தால் மண் அடியில் படியும். மலையில் இருந்து வேகமாக வரும் தண்ணீர் மண்ணைச் சுமந்து வரும். ஏரிக்குள்ளோ கடலுக்குள்ளோ நுழையும் இடத்தில் வேகம் குறைந்ததும் சுமையை இறக்கி வைத்துவிடும். நம் குளத்தில் தண்ணீர் நுழைகிற மேற்புறம்தான் முதலில் மேடாகும், கவனித்திருப்பீர்கள். எல்லாம் அதே கணக்குத்தான்.

படகு போவதற்கென்று தண்ணீருக்கு அடியில் ஆழமாக ஒரு வழி இருக்கும். மலையாளத்தில் அதைச் "சால்" என்கிறார்கள். நாம் உழவில் சொல்லும் சால்தான். தண்ணீருக்கு அடியில் உழுத ஒரு பெரிய சால் என்று வைத்துக்கொள்ளுங்கள். உழவுச் சால் மழை பெய்தால் மூடிக்கொள்கிற மாதிரி இதுவும் மூடிக்கொள்ளும். ஒரு தடவை வெட்டினால் முடிந்தது என்று விட முடியாது.

இதில் மிகவும் கொடுமையான உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தென்காசியில் இருந்து செங்கோட்டை, தென்மலை தாண்டிப் போனால் திருவனந்தபுரம் மாவட்டம். அங்கே சிறயின்கீழ் பக்கம் முதலப்பொழி என்று ஒரு மீன்பிடித் துறைமுகம். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் "பொழி" என்ற சொல் தெரிந்திருக்கும். ஆறு கடலில் சேருகிற வாய். முதலப்பொழியில் வாமனபுரம் ஆற்றுத் தண்ணீர் காயல் வழியாக வந்து கடலில் சேருகிறது. ஒரு பக்கம் பெருமாதுறை, மறுபக்கம் தாழம்பள்ளி. இரண்டு பக்கமும் கடலுக்குள் நீளமாகக் கல் கொட்டி அலைத் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். நடுவில் உள்ள வாய் வழியாகத்தான் எல்லாப் படகும் போக வேண்டும், வர வேண்டும்.

அந்தச் சுவர் கட்டியதில்தான் சிக்கல். ஆற்று மணல் மட்டும் அல்ல, கடல் மணலும் சும்மா இருப்பதில்லை. அலை சாய்வாக வந்து அடிக்க அடிக்க, மணல் கரையோரமாக நடந்துகொண்டே இருக்கும். குறுக்கே சுவர் கட்டினால் ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் மணல் வராமல் கரை அரிக்கும். பெருமாதுறைப் பக்கம் கடற்கரை அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே தாழம்பள்ளி, அஞ்சுதெங்குப் பக்கம் கடல் வீட்டு வாசலுக்கு வந்தது. குவிந்த மணல் சுவரின் முனையைச் சுற்றி வந்து வாய்க்குள்ளும் விழுந்தது. படகைக் காப்பாற்றக் கட்டிய சுவர் படகுக்கே ஆபத்தாகிவிட்டது. திட்டம் போட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கரையில் பிறந்து வளர்ந்த மீனவர்களிடம் முதலிலேயே உட்கார்ந்து கேட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடியில் மேடு இருந்தால் கடலில் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இதுதான் பாடத்தின் முக்கியப் பகுதி. காயலில் மேடு இருந்தால் படகு தரை தட்டும். கடல் வாயில் மேடு இருந்தால் அலை உடையும். ஆழமான இடத்தில் அலை படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும், தொட்டில் மாதிரி. ஆழம் குறைந்த இடத்தில் அலையின் அடிப்பாகம் தரையில் உரசி மெதுவாகும். மேற்பாகம் அதே வேகத்தில் வந்து முன்னால் கவிழும். வேகமாக நடக்கும்போது கால் தடுக்கினால் உடம்பு முன்னால் விழுகிறதே, அப்படி. தோராயக் கணக்கு ஒன்று உண்டு: 6 அடி உயர அலை, ஆழம் 8 அடிக்குக் குறைந்த இடத்துக்கு வந்தால் உடைந்துவிடும். அங்கே ஆழம் 15 அடி இருந்தால் அதே அலை உடையாமல் கடந்து போகும். அந்த 7 அடி மணலை அள்ளுவதா வேண்டாமா என்பதில்தான் ஒரு படகில் இருக்கும் நாலைந்து பேரின் உயிர் இருக்கிறது. கூடவே ஆற்றுத் தண்ணீர் வெளியே தள்ளும்போது, உள்ளே வரும் அலை இன்னும் செங்குத்தாக எழும். உடைந்த அலை படகின் பின்னால் அடித்துக் குறுக்கே திருப்பிவிடும். பக்கத்திலேயே பாறைச் சுவர். நீச்சல் தெரிந்தவரும் பாறையில் மோதினால் என்ன செய்வார்?

முதலப்பொழி வாயில் இப்படி இதுவரை 60-க்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். 2023 ஜூலை 10 அன்று விடியற்காலையில் ஒரே படகில் போன நாலு பேரும் இறந்தார்கள். பக்கத்து ஊரான புதுக்குறிச்சியைச் சேர்ந்தவர்கள். ஜூலை மாதம் என்றால் நமக்கு என்ன? குற்றாலத்தில் சீசன். சாரல் அடிக்கும், அருவியில் தண்ணீர் விழும், கடைக்காரர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் நாலு காசு பார்க்கிற காலம். நமக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்றுதான் மலைக்கு அந்தப் பக்கம் பொழி வாயில் அலையை எழுப்புகிறது. நம் சந்தையில் ஜூலை மாதம் சாளை வாங்கும்போது இது எனக்கு ஞாபகம் வரும்.

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் போராட்டம், மந்திரிகள் வருகை, பேச்சுவார்த்தை, ஆய்வு. பூனாவில் உள்ள மத்திய நீர் ஆராய்ச்சி நிலையம் ஆய்வு செய்தது. 2024-ல் மத்திய அரசு இந்தத் துறைமுகத்தைச் சீர்படுத்த 177 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. பணம் வந்துவிட்டதே, இனி பிரச்சினை இல்லை என்று நினைப்போம். ஆனால் 2025 ஏப்ரலில் மணல் மொத்தமாகக் குவிந்து பொழியின் வாயே அடைத்துக்கொண்டது! கடலுக்கும் காயலுக்கும் நடுவே நடந்து போகலாம் என்கிற நிலை.

படகு வெளியே போக முடியவில்லை. வெளியே இருந்த படகு உள்ளே வர முடியவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் வேறு கரைகளைத் தேடிப் போனார்கள். படகு வரவில்லை என்றால் மீன் வராது. மீன் வரவில்லை என்றால் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்களுக்கு அன்று அடுப்பு எரியாது. செய்தியில் படகையும் எந்திரத்தையும் காட்டுவார்கள், கூடைக்காரப் பெண்களைக் காட்டுவது குறைவு. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் காயலில் ஏறி, தாழ்வான இடத்து வீடுகளுக்குள் நுழையும் பயம். ஆக, வாய் மேடானால் சாவு, வாய் அடைத்தால் பட்டினியும் வெள்ளமும்.

அப்போதுதான் "அவசரத் தூர்வாருதல்" என்று எல்லாரும் ஓடினார்கள். ஹிட்டாச்சி எந்திரங்களை இறக்கி மணல் திட்டை அறுத்துத் தண்ணீருக்கு வழி விட்டார்கள். ஆனால் கரையில் நிற்கும் எந்திரத்தின் கை எட்டுகிற தூரம் வரைதான் அது அள்ளும். நடு வாயில் ஆழப்படுத்த மணலை உறிஞ்சி எடுக்கும் கப்பல் வேண்டும். கண்ணூர் மாவட்டம் அழீக்கல்லில் இருந்து "சந்திரகிரி" என்ற தூர்வாரும் கப்பலைக் கடல் வழியாகக் கொண்டுவந்தார்கள். பெரிய குழாயைத் தரை வரை இறக்கி, மணலைக் கிளறி, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி, இன்னொரு குழாய் வழியாகத் தூரத்தில் கொண்டுபோய்த் தள்ளுகிற கப்பல்கள் இந்த வேலைக்கு உண்டு. பம்பு செட் மாதிரிதான், மணலும் சேர்ந்து வரும்.

இந்த வேலையில் நேரம்தான் எல்லாம். கடல் கொந்தளிக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் பொழி வாயில் கப்பலை நிறுத்தி மணல் எடுப்பது மிகவும் கஷ்டம். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் முடிக்க வேண்டும். பிப்ரவரியில் ஃபைல் நகரவில்லை என்றால் ஜூலையில் பிணம் வரும். கடுமையாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், நடந்தது அதுதான்.

இன்னொரு விஷயம், அள்ளிய மணலை எங்கே கொட்டுவது? பக்கத்திலேயே கொட்டினால் நாலு மாதத்தில் திரும்பி வந்துவிடும். அரிப்பு ஏற்பட்ட வடக்குக் கரையில் கொண்டுபோய்ப் போட்டால், சுவர் தடுத்த மணலை நாம் தூக்கி அந்தப் பக்கம் விட்டது போல ஆகும். வீடுகளுக்கும் கொஞ்சம் காவல். தூர்வாருவதில் பாதி வேலை கொட்டும் இடத்தில் இருக்கிறது. வாய்க்கால் தூர்வாரி அதே கரையில் போட்டு, முதல் மழையில் அத்தனையும் உள்ளே சரிந்ததை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம்.

தமிழ்நாட்டிலும் இதே கதை உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் தேங்காப்பட்டணம் துறைமுக வாயில் மணல் சேர்ந்து, அலையில் படகு கவிழ்ந்து மீனவர்கள் பலர் இறந்திருக்கிறார்கள். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் முகத்துவாரம் அடிக்கடி மணலால் அடைபட்டு, படகை மணலில் தள்ளிக்கொண்டு போகும் நிலைமை வந்திருக்கிறது.

"நமக்குக் கடலும் இல்லை, காயலும் இல்லை, இதை ஏன் மேடம் எங்களுக்குச் சொல்றீங்க?" என்று கேட்பீர்கள். இரண்டு காரணம்.

ஒன்று, சீசன் சமயத்தில் நாமும் படகு ஏறுகிறோம். குற்றாலத்தில் ஐந்தருவி போகும் வழியில் வெண்ணமடைக் குளத்தில் படகு குழாம் இருக்கிறது. சீசனில் குளத்தில் தண்ணீர் பெருகிய பிறகுதான் படகு விடுவார்கள், அது சரியான முறை. அங்கே ஆகட்டும், கேரளாவுக்கோ கன்னியாகுமரிக்கோ போன இடத்தில் ஆகட்டும், லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி, நாடாவை இழுத்துக் கட்டிய பிறகுதான் ஏற வேண்டும். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து நீங்களே ஆளை எண்ணுங்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், நிறையக் குழந்தைகள். அங்கே மணல் காரணம் இல்லை, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதுதான். படகு தரை தட்டினால் எழுந்திருக்காதீர்கள். நாங்கள் செய்த தப்பு அதுதான். பாரம் ஏற்றிய மாட்டு வண்டியில் ஒரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கும்போது எல்லாரும் அந்தப் பக்கமே சாய்ந்தால் என்ன ஆகும்? உட்கார்ந்த இடத்திலேயே குனிந்து பலகையைப் பிடித்துக்கொண்டு, படகுக்காரர் சொல்வதைக் கேளுங்கள். பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடியுங்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. கடலில் மேடு கொல்கிறது, குளத்தில் பள்ளம் கொல்கிறது. தண்ணீருக்கு அடியில் உள்ள தரையை யாரும் பார்ப்பதில்லை என்பது இரண்டுக்கும் பொது. கோடையில் குளத்தில் வண்டல் மண் எடுப்பது நல்ல காரியம். வயலுக்கும் நல்லது, குளத்துக்கும் நல்லது. விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கி இலவசமாக எடுக்கலாம் என்று 2024-ல் தமிழக அரசு எளிதாக்கியது. ஆனால் எந்திரம் வைத்து எடுக்கும்போது, மண் நன்றாக இருக்கிற இடத்தில் கிணறு மாதிரி தோண்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மழை வந்ததும் குளம் முழுக்க ஒரே மட்டமாகத் தண்ணீர். கரையில் இருந்து பார்த்தால் முழங்கால் ஆழம் மாதிரி இருக்கும். ஆடு குளிப்பாட்டப் போன பையன், துணி துவைக்கப் போன அம்மாவோடு போன பிள்ளை, நாலு எட்டு வைத்தால் ஆள் மூழ்கும் குழி. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மழைக்காலமும் இப்படிச் செய்தி வராமல் இருப்பதில்லை. நான் வேலை பார்த்த ஒரு ஊரிலும் நடந்தது. அந்தத் தாய் எங்கள் குழு உறுப்பினர். அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் இரங்கல் எழுதினோம். மழைக்கு முன்பே அந்தக் குழியைப் பற்றி ஒரு தீர்மானம் எழுதியிருக்கலாம். பத்துப் பேர் அந்த வழியாகத் தினமும் போனோம், எல்லாருக்கும் தெரியும்.

எழுதுவதென்றால் என்ன எழுதுவது, யாரிடம் கொடுப்பது? "குளம் ஆபத்தாக உள்ளது, நடவடிக்கை எடுக்கவும்" என்று பொதுவாக எழுதினால் அந்த மனுவுக்குப் பொதுவாகவே ஒரு பதில் வரும். அளந்து எழுதுங்கள். குளம் வற்றியிருக்கும்போதே நாலு பேர் போய் ஒரு நீளக் கம்பில் அடிக்கு ஒரு கோடு போட்டு, குழி எங்கே இருக்கிறது, எத்தனை அடி ஆழம், படித்துறையில் இருந்து எத்தனை எட்டுத் தூரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைந்த பிறகு யாரும் இறங்கி அளக்கக் கூடாது. கரையில் இருந்து, கயிற்றில் கல் கட்டி வீசிப் பார்க்கலாம், அது போதும். படகில் ஆழம் பார்ப்பவர்களும் ஒரு காலத்தில் கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டித்தான் பார்த்தார்கள். இப்போது அடியை நோக்கி ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழம் காட்டும் கருவி வந்துவிட்டது.

மனுவில் மூன்று வேலையைத் தனித்தனியாகக் கேளுங்கள். உடனே எச்சரிக்கைப் பலகையும் கயிறும் கட்ட வேண்டும், இதற்குப் பெரிய செலவு இல்லை, இன்றே செய்யலாம். ஒரு வாரத்துக்குள் அலுவலர் வந்து அளக்க வேண்டும். அடுத்த மழைக்கு முன் குழியின் ஓரத்தைச் சரிவாக்கி மட்டப்படுத்த வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோரிக்கையாக எழுதினால், பெரிய வேலைக்கு நிதி இல்லை என்று சொல்லிச் சின்ன வேலையையும் செய்யாமல் விட்டுவிடுவார்கள். முதலப்பொழியில் கோடிக்கணக்கில் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தபோதே வாய் அடைத்தது என்பதை மறக்க வேண்டாம்.

சுந்தரபாண்டியபுரம் பேரூராட்சி, அதனால் மனு பேரூராட்சி செயல் அலுவலரிடம். சுற்றியுள்ள ஊராட்சிக்காரர்கள் கிராம சபையில் தீர்மானமாகப் போடலாம், அதற்கு மதிப்பு அதிகம். குளம் எந்தத் துறையின் பொறுப்பு என்று தெரியாவிட்டால் அலைய வேண்டாம். திங்கட்கிழமை தென்காசி கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ரசீதைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாத மனு, பாஸ்புக்கில் வரவு வைக்காத பணம் மாதிரி.

"டெண்டர் விடணும், நாளாகும்" என்று பதில் வரலாம். சாதாரண வேலைக்கு அது சரிதான், டெண்டர் இருப்பது நம் பணத்துக்குக் காவல். ஆனால் 2005-ல் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கலெக்டர் தலைமையில் ஒரு ஆணையம் உண்டு. பேரிடர் நேரும் ஆபத்து இருக்கும்போது, காப்பாற்றத் தேவையான பொருளையும் எந்திரத்தையும் டெண்டர் இல்லாமலே உடனே வாங்க அந்தச் சட்டத்தின் 50-வது பிரிவு இடம் தருகிறது. ஒரு சின்னக் குழிக்கு இதைக் காட்டிப் பேச முடியாது. கரை உடையும் நிலை, வாய் அடைத்து வெள்ளம் ஏறும் நிலை வந்தால் ஞாபகம் வையுங்கள்.

அதே 2005-ல் வந்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அதே சட்டத்தில் இருப்பது பலருக்குத் தெரியாது. எனக்கே வேலைக்கு வந்து சில வருடம் கழித்துத்தான் தெரியும். "இந்தக் குளத்தில் மண் எடுக்க யாருக்கு அனுமதி, எத்தனை அடி ஆழம் வரை அனுமதி, வேலை முடிந்து யார் வந்து அளந்தார்கள்?" இந்த மூன்று கேள்வி போதும். மேலே "இது உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது" என்று காரணத்தோடு எழுதுங்கள்.

இந்த மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் முடிந்த பிறகு கால் மணி நேரம் ஒதுக்கி இதைப் பேசுங்கள். ஊக்குநர் வாசித்துக் காட்டினால் போதும்.

நம் பிள்ளைகள் இறங்கும் குளம், வாய்க்கால், கல்குவாரி எவை? போன கோடையில் மண் எடுத்தது எந்த இடத்தில்? அங்கே இப்போது ஆழம் எவ்வளவு என்று நம்மில் யாருக்காவது தெரியுமா? எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா, இருந்தால் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரிகிற மாதிரி படம் போட்டிருக்கிறதா? நம் ஊரில் நீச்சல் தெரிந்த பெண்கள் எத்தனை பேர்?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஒரு நகலைக் குழுப் பிரதிநிதி வழியாக 20-ஆம் தேதிக்குள் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். கம்பு அளந்து கொண்டுவரும் குழுக்களுக்கு மனு எழுத நானே வந்து உதவுகிறேன்.